வீல்சேரோடு விமானம் ஏறுகிறீர்களா? இந்தத் தவறுகளையாவது செய்யாதீர்கள்

முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான எங்கள் வாட்ஸப் குழுவில் அவ்வப்போது ஒரு குரல் கேட்கும்: "அண்ணா, முதல் தடவையா ஃப்ளைட்ல போறேன், என்ன கவனிக்கணும்?" குழுவே திரண்டு யோசனை சொல்லும். கேட்டவரும் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார். போய், நாங்களெல்லாம் எப்போதோ செய்து முடித்த அதே தவறை அச்சு பிசகாமல் செய்துவிட்டுத் திரும்பி வருவார்.

சீக்கிரம் கிளம்புங்கள், அடையாள அட்டையை மறக்காதீர்கள் என்பதையெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

'வீல்சேர் வேண்டும்' என்று மட்டும் பதிவு செய்வது

விமான நிறுவனங்களின் கணக்கில் வீல்சேர் பயணிகள் மூன்று வகை. தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறுவார் என்றால் டபிள்யூ.சி.எச்.ஆர். படி ஏற முடியாது, விமானத்துக்குள் நாலடி நடந்து இருக்கையில் உட்கார்ந்துவிடுவார் என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ். காலே ஊன்ற முடியாது, இருக்கை வரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும் என்றால் டபிள்யூ.சி.எச்.சி.

நீங்கள் எதுவும் விளக்காவிட்டால் டிராவல் ஏஜென்ட் பெரும்பாலும் முதல் வகையைத்தான் போட்டுவைப்பார். அந்த ஓர் எழுத்தை நம்பித்தான் தரையில் ஏற்பாடுகள் நடக்கின்றன. 'ஆர்' என்று இருந்தால், விமானத்தின் குறுகலான நடைபாதையில் போகும் ஐல் சேரை யாரும் எடுத்து வைக்க மாட்டார்கள். வீல்சேரோடு விமானக் கதவு உயரத்துக்குத் தூக்கிவிடும் ஆம்புலிஃப்ட் வண்டியும் வராது. முனையத்திலிருந்து விமானக் கதவு வரை நீளும் ஏரோபிரிட்ஜ் இருந்தால் எப்படியோ தப்பிக்கலாம். விமானம் தூரத்தில் நின்று, பேருந்தில் கொண்டுபோய் இறக்கினால், "ரெண்டு படிதான் சார், கொஞ்சம் பிடிச்சிட்டு ஏறிடுங்களேன்" என்பார்கள். ஏடிஆர் போன்ற சிறிய விமானங்களில் பின்பக்கக் கதவின் படி வழியாகத்தான் ஏறவே வேண்டும்.

டிக்கெட் போட்ட கையோடு தொலைபேசியில் அழைத்து, எந்த வகை என்று பதிவாகியிருக்கிறது எனக் கேளுங்கள். உதவி தேவை என்பதைப் புறப்பாட்டுக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் விதி. கணவன் மனைவி இருவருக்கும் தேவையென்றால் இரண்டு பேர் பெயரிலும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவு இருந்தாலும் ஒன்றுதான் வரக்கூடும் என்பது வேறு கதை. 2024 பிப்ரவரியில் மும்பையில் ஒரு முதிய தம்பதிக்கு ஒரே வீல்சேர்தான் வந்தது. மனைவியை அதில் உட்கார வைத்துவிட்டுக் கூடவே நடந்து போன 80 வயதுக் கணவர் சரிந்து விழுந்து இறந்துபோனார். ஏர் இந்தியாவுக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தார்கள். இன்னொரு சேர் வரும் என்று சொன்னால், அது வரும்வரை விமானத்தின் இருக்கையிலேயே உட்கார்ந்திருங்கள்.

சொந்த வீல்சேரை செக்-இன் கவுண்டரிலேயே ஒப்படைப்பது

இத்தனை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை.

கவுண்டரில் நடப்பது இதுதான். விமான நிலைய வீல்சேர் ஒன்றைத் தள்ளிக்கொண்டு ஒரு பையன் வருவான். "சார், இதுல மாறிக்குங்க, உங்க சேரை லக்கேஜ்ல போட்டுடறோம்." கேட்பதற்கு உபசாரம் போலத்தான் இருக்கும். புதிதாக வருபவர் கூச்சத்தில் மாறி உட்கார்ந்துவிடுவார்.

உட்கார்ந்த நொடியிலேயே மூன்று விஷயங்கள் கையை விட்டுப் போய்விடுகின்றன. ஒன்று, நடமாட்டம். அந்தச் சேர்கள் பலவற்றில் பின்சக்கரம் கையளவுதான் இருக்கும். நீங்களே உருட்ட முடியாது. தள்ளுபவர் கேட் அருகே நிறுத்திவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போய்விட்டால், எந்தப் பக்கம் பார்த்து நிறுத்தினாரோ அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இரண்டு, உங்கள் மெத்தை. தொய்ந்த ரெக்சினில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் உணர்ச்சியில்லாத உடம்புக்கு வலிக்காது, சிவக்கும். அந்தச் சிவப்பு படுக்கைப் புண்ணானால் வாரக்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டும். மூன்று, நாற்காலியே. அது பெட்டிகளோடு பெட்டியாகப் போகிறது.

எங்கள் குழுவில் ஒரு தம்பி. கடன் வாங்கி, இடுப்பளவு, தொடை நீளம் எல்லாம் எடுத்துச் செய்வித்த நாற்காலி அவனுடையது. வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு அதில்தான் போனான். கவுண்டரில் கொடுத்தான். கொடுத்தபோது ஒரு சீட்டை நீட்டி "ஒரு சைன் போடுங்க சார், ஃபார்மாலிட்டிதான்" என்றார்கள், போட்டான். போய் இறங்கியபோது பெல்ட்டில் சூட்கேஸ்களுக்கு நடுவே கவிழ்ந்து வந்தது. முன்சக்கரத்தின் ஃபோர்க் வளைந்து ஒரு பக்கமாக இழுத்தது. கழற்றக்கூடிய கால்தட்டு ஒன்றைக் காணவே இல்லை. போய்க் கேட்டால், அவன் கையெழுத்திட்ட சீட்டையே எடுத்துக் காட்டினார்கள். அது 'லிமிடெட் ரிலீஸ்' டேக். சேதமானால் நிறுவனம் பொறுப்பல்ல என்று ஒப்புக்கொள்ளும் சீட்டு. உடைந்த பெட்டி, வாய் கட்டாத அட்டைப்பெட்டி போன்றவற்றுக்கு வாங்குவதை இவனிடம் வாங்கியிருக்கிறார்கள். நேர்முகத் தேர்வு முழுக்க இடப்பக்கமாக ஓடும் நாற்காலியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தானாம். இதை அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்கு இன்னும் எரிகிறது.

ஆகவே கவுண்டரில் சொல்ல வேண்டியது: "என் நாற்காலியிலேயே விமானக் கதவு வரை வருகிறேன். கேட் டேக் போடுங்கள். இறங்கும் ஊரிலும் கதவுக்கே கொண்டு வரச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்." கேட் டேக் என்பது விமானக் கதவருகே ஒப்படைக்கும் பொருளில் கட்டும் சீட்டு. சொந்த நாற்காலியா, நிலையத்தின் நாற்காலியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பயணிக்குத்தான் என்று டிஜிசிஏ விதி சொல்கிறது. குரலை உயர்த்த வேண்டாம்; மாறி உட்காராமல் இருந்தாலே போதும். சூப்பர்வைசர் வருவார்.

கதவருகே ஐல் சேருக்கு மாறியதும் மெத்தை, பக்கத்தட்டு, கழற்ற வரும் கால்தட்டு எல்லாவற்றையும் எடுத்துப் பையில் போட்டு உள்ளே கொண்டுபோங்கள். கழற்ற முடிந்த எதுவும் கீழே போகக்கூடாது. டேக் தெரியும்படி நான்கு பக்கமும் படம் எடுங்கள். தூக்குவதானால் எந்தக் கம்பியைப் பிடிப்பது, எப்படி மடக்குவது என்று தடித்த எழுத்தில் எழுதி முதுகுப்பக்கம் ஒட்டுங்கள். லோடர்கள் வேண்டுமென்று உடைப்பதில்லை. தெரியாத ஒன்றை அவசரத்தில் தூக்குகிறார்கள், அவ்வளவுதான்.

இறங்கும்போது நாற்காலி கதவுக்கு வந்துவிட்டது என்று கண்ணால் பார்த்த பிறகே எழும்புங்கள். சேதம் இருந்தால் வருகைக் கூடத்தை விட்டு வெளியேறுவதற்குள் பி.ஐ.ஆர். என்ற சேத அறிக்கையை எழுதி வாங்குங்கள். வெளிநாட்டுப் பயணம் என்றால், விமானப் பயண இழப்பீடுகளுக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி 7 நாளுக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். 2024 டிசம்பர் இறுதியிலிருந்து இழப்பீட்டின் உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு); இப்போதைய மாற்று மதிப்பில் இரண்டு லட்சம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் நாற்காலி அதற்கு மேல் என்றால், ஒப்படைக்கும்போதே அதன் மதிப்பைத் தனியாக அறிவித்து வரம்பை உயர்த்திக்கொள்ள வழியிருக்கிறது. கட்டணம் கேட்கலாம்.

பேட்டரியின் கணக்குத் தெரியாமல் போவது

மின்சார வீல்சேர் என்றால், அதன் பேட்டரியின் வோல்டேஜை ஆம்பியர்-அவரால் பெருக்குங்கள். 24 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் என்றால் 240 வாட்-அவர். கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரிக்கு வரம்பு 300. இரண்டு பேட்டரியில் ஓடும் நாற்காலி என்றால் ஒவ்வொன்றும் 160. கழற்றிய பேட்டரி உங்களோடு கேபினில்தான் வர வேண்டும். முனைகளில் டேப் ஒட்டி உறையில் போடுங்கள். விமான நிறுவனத்தின் ஒப்புதலை முன்பே மின்னஞ்சலில் வாங்கி, லேபிளின் படத்தோடு அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புச் சோதனையில் நிற்பவர் உங்களுக்காகப் பெருக்கல் போட மாட்டார்.

கேட்காத மருத்துவச் சான்றிதழை நீட்டுவது

கூட வரும் மாமா, ஆர்வக் கோளாறில், டாக்டர் கடிதத்தைக் கவுண்டரில் வைப்பார். அதுவரை சாதாரணப் பயணியாக இருந்தவர் அந்த நொடியில் நோயாளியாகிவிடுவார். மேலதிகாரியிடம் கேட்க வேண்டும் என்பார்கள். ஆக்சிஜன், ஸ்ட்ரெச்சர், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்கு மருத்துவப் படிவம் தேவைதான். நிலையான உடல் குறைபாட்டுக்குத் தேவையில்லை. 2012-ல் கொல்கத்தாவில், பெருமூளை வாதம் உள்ள ஜீஜா கோஷ் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்ட வழக்கில், 2016-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2022-ல் ராஞ்சியில் ஒரு மாற்றுத்திறனாளிச் சிறுவனை ஏற்ற மறுத்த பிறகு விதியையே திருத்தினார்கள். உடல்நிலை மோசமாகும் என்று நிறுவனம் நினைத்தால், விமான நிலைய மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். கவுண்டரில் இருப்பவர் முடிவெடுக்க முடியாது.

செயற்கைக் காலை உடனே கழற்றிக் கொடுப்பது

வெடிமருந்துத் தடயச் சோதனையை முதலில் கேளுங்கள். துணியால் துடைத்து இயந்திரத்தில் வைத்துப் பார்ப்பார்கள். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் தனியறை கேளுங்கள். 2021-ல் நடனக் கலைஞர் சுதா சந்திரன் இதைப் பற்றி வீடியோ போட்ட பிறகு, விமான நிலையப் பாதுகாப்பைப் பார்க்கும் சி.ஐ.எஸ்.எஃப். மன்னிப்புக் கேட்டது.

நடைபாதைப் பக்கக் கைப்பிடி தூக்காது என்று நம்புவது

பல விமானங்களில் இருக்கையின் அந்தக் கைப்பிடியை மேலே தூக்கலாம்; ஐல் சேரிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்து உட்கார வசதி. கைப்பிடியின் அடியில், கீல் இருக்கும் இடத்தருகே விரலால் தடவினால் ஒரு சிறு பொத்தான் தட்டுப்படும். பணிப்பெண்ணுக்கே சில நேரம் தெரியாது.

தண்ணீர் குடிக்காமல் ஏறுவது

சிறுநீர் வடிக்கும் கதீட்டர் குழாய் அடைத்துக்கொண்டால் நடுவானில் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. குடியுங்கள். ஏறுமுன் சிறுநீர்ப் பையைக் காலி செய்யுங்கள்.

எமர்ஜென்சி எக்ஸிட் வரிசை

தர மாட்டார்கள்.

ஒன்றரை மணி நேர இடைவெளியில் இணைப்பு விமானம்

நாம் முதலில் ஏறி கடைசியில் இறங்குபவர்கள். வேண்டாம்.

இறங்கிய பிறகு எப்படி என்று யோசிக்காதது

சென்னையில் ஆப் டாக்ஸிகள் முனைய வாசலுக்கு வராது. மல்டிலெவல் பார்க்கிங்குக்கு நீங்கள்தான் போக வேண்டும். கூட வரும் பணியாளர் வாசலோடு திரும்பிவிட நினைப்பார். அவருக்கு அடுத்த விமானம் காத்திருக்கும். வண்டி வரை வர வேண்டும் என்பதை பெல்ட்டில் பெட்டிக்காக நிற்கும்போதே சொல்லிவிடுங்கள். சொந்தக் கார் வருகிறது என்றால், ஓட்டுநர் எந்த வாசலில் எப்போது வந்து நிற்பது என்பதைத் தரையிறங்கிய உடனே அழைத்துப் பேசுங்கள். கடைசியாக இறங்குவதால் அரை மணி நேரமாவது கூட்டியே சொல்லுங்கள்.