மிக்ஸிங்கில் சரியாகாத தவறுகள்

புதுச்சேரியின் பழைய வீடுகளில் கூரை உயரம், சுவர் மொட்டை. அங்கே பாட்டைப் பதிவு செய்தால், குரலோடு எதிரொலியும் மைக்கில் ஏறிவிடும். பதிந்த ஒலிகளைச் சேர்த்துச் சமன்செய்யும் மிக்ஸிங்கில், எந்த பிளக்-இன்னாலும் (ஒலியைத் திருத்தும் துணை மென்பொருள்) அதை முழுசாகப் பிரிக்க முடியாது. பாடுபவரின் முதுகுக்குப் பின்னால், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தடித்த ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துத் தொங்கவிடுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண், நடுவே 'ப' போன்ற எழுத்துகளின் காற்றடியைத் தடுக்கும் வலைத்திரையான பாப் ஃபில்டர்.

மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரெஸர் மெல்லிய இடங்களைத் தூக்கும்போது இரைச்சலும் சேர்ந்தே எழும்; கடைசிக் கட்டமான மாஸ்டரிங்கில், உச்சத்தை அடக்கி மொத்த ஒலியைக் கூட்டும் லிமிட்டர் அதை இன்னும் தூக்கும்.

24 பிட் நுணுக்கத்தில், ஒலியின் உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். டிஜிட்டல் அளவின் உச்ச வரம்பான 0-வைத் தொட்டு உடைந்த குரல் உடைந்ததுதான்.

கடற்காற்றின் ஈரம் பட்டால் நுட்பமான ஒலியையும் பிடிக்கும் கண்டென்ஸர் மைக் படபடவென்று பொரியும். வேலை முடிந்ததும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.