பெட்டியில் வருவது எண் அல்ல

தோவாளையில் பூ வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவருக்குக் கமிஷன் கணக்குப் போட ஒரு சிறு வலைப்பக்கம் எழுதிக் கொடுத்தேன். விலை 450, கமிஷன் 10 சதவீதம் என்று தட்டினார். மொத்தம் 45045 ரூபாய் என்று வந்தது. "தம்பி, இது பிச்சிப்பூவா, பொன்னா?" என்றார்.

தவறு என்னுடையதுதான். உள்ளீட்டுப் பெட்டியின் 'வேல்யூ' (value), அதாவது அதில் தட்டிய மதிப்பு, எழுத்துச்சரமாகத்தான் (string, வெறும் எழுத்துகளின் வரிசை) வரும். பெட்டியின் வகையை எண் என்று குறித்தாலும் அப்படியே. பெருக்கும்போதும் வகுக்கும்போதும் வலைப்பக்கத்தை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் தானாகவே அதை எண்ணாக்கிக்கொள்ளும். அதனால் 450 × 10 ÷ 100 சரியாக 45 ஆனது. கூட்டல் குறியோ எழுத்துச்சரத்தைக் கண்டால் ஒட்டிவிடும்: 450-இன் வாலில் 45.

ஆகவே மதிப்பை எடுத்த கையோடு 'நம்பர்' (Number) ஃபங்ஷனுக்குள் போட்டு எண்ணாக்கிவிடுங்கள். எழுத்துச்சரத்தை எண்ணாக்கும் இன்னொரு ஃபங்ஷனான 'பார்ஸ்ஃப்ளோட்' (parseFloat) வேண்டாம் என்பேன். சாதாரண எழுத்துப்பெட்டியில் யாராவது 1,250 என்று காற்புள்ளியோடு இட்டால், அது சத்தமில்லாமல் 1 என்று எடுத்துக்கொள்ளும். 'நம்பர்' குறைந்தபட்சம் 'இது எண் அல்ல' என்றாவது சொல்லும். ஆனால் காலிப் பெட்டியை அது 0 ஆக்கிவிடும். அதை முன்கூட்டியே சோதியுங்கள். பைசாவுக்காக, புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரவைக்கும் 'டூஃபிக்ஸ்ட்(2)'-ஐ (toFixed), விடையைத் திரையில் காட்டும் வரியில் மட்டும் வையுங்கள். அது தருவதும் எழுத்துச்சரம்தான்.