கிண்டிலுக்கு மாறும் முன்: 83 கிலோ அனுபவம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனபோது கூடத்தில் இரண்டு கோணி மூட்டைகள் வாய் கட்டி நின்றன. அரிசி என்று நினைத்தேன். "புத்தகம், மாமா. பழைய பேப்பர்காரர் மூன்று மணிக்கு வருகிறார்" என்றான் அக்கா மகன். அவன் கையில் இரண்டு நாளைக்கு முன் வாங்கிய கிண்டில், மின்னூல் படிப்பதற்கென்றே அமேசான் விற்கும் கருவி. அதன் திரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட அவன் இன்னும் உரிக்கவில்லை.

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். இருபத்தைந்து ஆண்டுகளாகத் தாளிலும் எட்டு ஆண்டுகளாக மின்னூல்களிலும் பிழை பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். இரவில் படுக்கும்போது என் கையில் இருப்பது கிண்டில்தான். கண்புரை அறுவைக்குப் பிறகு என் அம்மா மறுபடியும் நாவல் படிக்கத் தொடங்கியதும் அதில்தான், எழுத்தைப் பெரிதாக்கி, பக்கத்துக்கு ஆறேழு வரிகளாக. ஆகவே இது கருவிக்கு எதிரான கட்டுரை அல்ல. அந்தக் கோணிகளைப் பார்த்ததும் வயிற்றில் ஏதோ செய்தது, அவ்வளவுதான். நானும் ஒருகாலத்தில் கட்டியவன்.

சார்ஜ் தீர்ந்துவிடும், மேலே உட்கார்ந்தால் திரை உடைந்துவிடும் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. விற்கிறவர்களே சொல்லிவிடுவார்கள். மாறுகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

தாள் வாசனையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது

மாறலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் இறங்குவது இந்த விவாதத்தில்தான். ஒருவர் புதுப் புத்தகத்தின் மணம் என்பார், இன்னொருவர் மரம் வெட்டுவது என்பார். பொழுது போகும், முடிவு கிடைக்காது. நீங்கள் கடைசியாகப் படித்த பத்துப் புத்தகங்களின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றும் மின்னூலாகக் கிடைக்கிறதா என்று தேடுங்கள். அரை மணி நேர வேலை.

கிண்டிலில் தமிழ் நூல்கள் முறையாக விற்பனைக்கு வந்தது 2016 டிசம்பரில். இன்று புதிய நாவல்கள், சிறுகதைத் தொகுப்புகள், பழைய வெகுஜன எழுத்தாளர்கள் எல்லாம் தாராளமாகக் கிடைக்கின்றன. சங்க இலக்கியமும் நாட்டுடைமையான நூல்களும் வேண்டுமென்றால் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பு இருக்கிறது, காசே வேண்டாம். ஆனால் உங்கள் பட்டியலில் சிறுபத்திரிகைத் தொகுப்புகள், ஊர் வரலாறு, தலபுராணம், பல்கலைக்கழக வெளியீடுகள், மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் பழைய மொழிபெயர்ப்புகள் என்று இருந்தால் நிலைமை வேறு. அக்கா மகனின் பத்தில் நான்குதான் தேறின. கருவி வாங்கிய பிறகு பட்டியல் போட்டால் இப்படித்தான் ஆகும்.

பிடிஎஃப் இருக்கிறதே என்ற தைரியம்

"கிடைக்காததெல்லாம் பிடிஎஃப்பில் இருக்கிறது, மாமா" என்றான். எல்லோரும் சொல்வதுதான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலேயே ஏராளமான பழைய நூல்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள், உண்மை. அவற்றைக் கணினியில் படிக்கலாம், பெரிய டேப்லெட்டில் படிக்கலாம். ஆறங்குலக் கிண்டிலில் முடியாது.

கணக்கைப் பாருங்கள். ஆறங்குலம் என்பது மூலைக்கு மூலை அளந்தது. திரையின் அகலம் 3.6 அங்குலம்தான். டெம்மி அளவுப் புத்தகத்தின் பக்கம் 5.5 அங்குல அகலம். அதை இதற்குள் அடைத்தால் 11 புள்ளியில் அச்சான எழுத்து 7 புள்ளிக்குச் சுருங்கிவிடும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் படிப்பதுபோல் இருக்கும். சரி, பெரிதாக்கி நகர்த்திப் படிக்கலாம் என்றால், இது கைப்பேசித் திரை அல்ல. கிண்டில் திரையில் இருப்பது மின்மை (இ-இங்க்). அதில் நுண்ணிய கறுப்பு வெள்ளைத் துகள்கள் மின்னூட்டத்தால் மேலும் கீழும் நகர்ந்துதான் எழுத்து உருவாகிறது. பக்கம் மாறும்போது மட்டும் மின்சாரம் செலவாவதால்தான் வாரக்கணக்கில் சார்ஜ் நிற்கிறது. அதே காரணத்தால் ஒவ்வொரு முறை விரலால் தள்ளும்போதும் படம் தயங்கித் தயங்கி வரும். மூன்றாவது பக்கத்தில் பொறுமை போய்விடும்.

ஸ்கேன் இல்லாத பிடிஎஃப்பிலும் ஒரு வில்லங்கம் உண்டு. யூனிகோடு என்ற பொதுக் குறியாக்கம் பரவுவதற்கு முன் தட்டச்சானவை பாமினி, டாம், டாப் என்று ஆளுக்கொரு குறியாக்கத்தில் இருக்கின்றன. பக்கமாகப் பார்த்தால் தமிழ் தெரியும். எழுத்தைப் பெரிதாக்கி மடக்க வேறு வடிவத்துக்கு மாற்றினால் ஏதோ பூச்சி ஊர்ந்ததுபோல் வரும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கிக்கொள்ளும் இபப் (EPUB) கோப்பு கிடைத்தால் அதை எடுங்கள். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஆறங்குலத்துக்கென்றே தனியாக பிடிஎஃப் செய்து வைத்திருக்கிறார்கள், புண்ணியவான்கள்.

வாங்கும் முன் நண்பர் ஒருவரின் கருவியில் உங்களுடைய பிடிஎஃப் ஒன்றை ஏற்றிப் பத்துப் பக்கம் படித்துப் பாருங்கள். அவர் வைத்திருக்கும் ஆங்கில நாவலைப் புரட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

மாதிரிப் பக்கத்தைப் பார்க்காமல் வாங்குவது

இது என் தொழில்சார்ந்த எரிச்சல். பல மின்னூல்கள் அச்சுக்குத் தயாரித்த பழைய கோப்பிலிருந்து அவசரமாக மாற்றப்பட்டவை. தாளில் வரி முடிந்த இடத்தில் இப்போதும் சொல் உடைந்திருக்கும்: "வந்தி ருந்தான்". இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. "அவர்" என்பதில் ரகரத்துக்குப் பதிலாகத் துணைக்காலைப் போட்டு அதன்மேல் புள்ளி வைத்திருப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் நூலுக்குள் "அவர்" என்று தேடினால் ஒன்றுகூட அகப்படாது. மாதிரி இலவசம். நான்கு பக்கம் படித்தால் மீதி எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும்.

குழந்தைகளின் படப்புத்தகம்

வேண்டாம். தாளிலேயே வாங்குங்கள்.

சந்தாவில் எடுத்ததைச் சொந்தம் என்று நினைப்பது

சந்தா நின்றால் நூலும் போய்விடும்.

காசு கொடுத்ததைச் சொந்தம் என்று நினைப்பது

இதுவும் ஏறக்குறைய அப்படித்தான். நாம் வாங்குவது படிக்கும் உரிமத்தை. 2009 ஜூலையில் அமேசான், உரிமை இல்லாத ஒருவர் விற்பனைக்கு வைத்துவிட்டார் என்று ஆர்வெல்லின் நூல்களை வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, பிறகு மன்னிப்பும் கேட்டது. 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியும் நின்றுவிட்டது. இதற்காகக் கிண்டிலே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பேரனுக்கு விட்டுச்செல்ல நினைக்கும் நூலை மட்டும் அதில் வாங்காதீர்கள்.

வீட்டிலிருக்கும் புத்தகங்களை உடனே அனுப்பிவிடுவது

இதற்குத்தான் இத்தனை நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன்.

2017 மார்கழி. குரோம்பேட்டையில் ஒரு வாடகை வீட்டிலிருந்து அதைவிடச் சிறிய வாடகை வீட்டுக்கு மாற வேண்டிய கட்டாயம். புத்தம்புதுக் கிண்டில். தலைக்குள் ஒரு தெளிவு வந்துவிட்டதாக நினைப்பு. போகிக்கு இரண்டு நாள் இருந்தது. "பழையன கழிதலும் புதியன புகுதலும்" என்று மனைவியிடம் நன்னூலை எடுத்துவிட்டேன். அது சொற்களைப் பற்றிய நூற்பா, வீட்டுச் சாமான்களைப் பற்றியது அல்ல என்பதை, அதுவும் மெய்ப்புத் திருத்துகிற ஒருவன், அன்றைக்கு மறந்துவிட்டான்.

எதை வைத்துக்கொள்வது, எதை அனுப்புவது என்பதற்கு ஒரு விதி வைத்திருந்தேன்: மின்னூலாகக் கிடைப்பதெல்லாம் போகலாம். கேட்க நியாயமாக இல்லையா? அந்த விதிப்படி, வீட்டிலிருந்து முதலில் வெளியேற வேண்டியது பொன்னியின் செல்வன். நாட்டுடைமையான நூல், மதுரைத் திட்டத்தில் ஐந்து பாகமும் இலவசம், கடைக்குக் கடை கிடைக்கிறது. அதைவிடச் சுலபமாகக் கிடைக்கும் தமிழ் நாவல் எது?

எங்கள் வீட்டில் இருந்தது கடையில் வாங்கியது அல்ல. 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை கல்கி இதழில் வாராவாரம் வந்ததைக் கும்பகோணத்தில் பாட்டி பிரித்தெடுத்துச் சேர்த்து, காலிகோ துணி போட்டு பைண்டு செய்துவைத்த ஐந்து தொகுதிகள். மணியம் வரைந்த படங்கள் முதலில் வந்த அளவிலேயே இருந்தன. பக்கத்தின் மறுபுறத்தில் தலைவலித் தைலம், பவுடர் விளம்பரம். இரண்டாம் தொகுதியின் நடுவில் பதினோரு பக்கம் கணக்குப் பேரேட்டுத் தாளில், நீல மையில், பாட்டியின் கையெழுத்து. அந்த வாரம் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தார், இதழ் தவறிவிட்டது. திரும்பி வந்ததும் எதிர்வீட்டில் இரவல் வாங்கி, கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு முழு அத்தியாயத்தையும் பகர்த்து எழுதியிருக்கிறார். அந்தக் குழந்தைதான் என் சித்தப்பா.

இது எனக்குத் தெரியாததல்ல. சிறுவயதில் அந்தப் பதினோரு பக்கத்தைத் தடவிப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் விதி விதிதானே.

கடைக்காரர் கொக்கித் தராசோடு வந்தார். பைண்டு புத்தகங்களைத் தனியாக ஒதுக்கினார். "அட்டைக்கு விலை வேறு, சார்" என்று சொல்லிவிட்டு, முழங்காலில் வைத்து ஒரே இழுப்பில் காலிகோவைக் கிழித்தார். ஒன்று, இரண்டு, ஐந்தும். நூல் தையல் விட்டு வரும் சத்தம் கேட்டது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. மொத்தம் 83 கிலோ, கிலோ 11 ரூபாய், 913 ரூபாய். அதோடு கொஞ்சம் போட்டுக் கிண்டிலுக்குத் தோல் உறை வாங்கினேன்.

சித்திரையில் சித்தப்பா வந்தார். பேத்திக்குக் காட்ட வேண்டும், இரண்டாம் பாகத்தை எடு என்றார். கிண்டிலில் திறந்து கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நாலைந்து பக்கம் தள்ளினார். "படம் வராதாடா?" என்றார். வராது என்றேன். வேறொன்றும் கேட்காமல் கருவியை மேசைமேல் வைத்துவிட்டு, பேத்தியைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்கே தவறியது என்று பல முறை யோசித்திருக்கிறேன். "மின்னூலாகக் கிடைக்கிறது" என்பது கதையின் வாசகம் கிடைக்கிறது என்பதுதான். என் அலமாரியில் இருந்த பிரதி அதில் கிடைப்பதில்லை. ஓலையிலிருந்து அச்சுக்கு மாறிய காலத்திலும் இதே அவசரம் இருந்திருக்கிறது. ஏடு தேடிப் போன இடங்களில், பழைய சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டதையும் நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டதையும் கேட்டு உ.வே.சாமிநாதையர் பதைத்திருக்கிறார். படிக்கும்போது அந்த மனிதர்கள்மேல் எனக்கு எவ்வளவு கோபம்! அவர்களிடமாவது சாஸ்திரம் என்று ஒரு காரணம் இருந்தது.

இப்போது என்னிடம் யோசனை கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: கருவி வாங்கிய முதல் ஓராண்டுக்கு வீட்டிலிருந்து ஒரு புத்தகமும் வெளியே போகக் கூடாது. அதற்குள் எதைத் திரையில் படிக்கிறீர்கள், எதற்காக அலமாரிக்குப் போகிறீர்கள் என்பது தானாகத் தெரிந்துவிடும். பிறகு அனுப்புவதென்றால் ஒவ்வொன்றையும் பிரித்து, பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். முதுகிலுள்ள தலைப்பை மட்டும் பார்த்து மூட்டையில் போடாதீர்கள். ஓரக்குறிப்பு, கையெழுத்து, உள்ளே செருகிய பஸ் டிக்கெட், இப்போது அச்சில் இல்லாத மொழிபெயர்ப்பு, பழைய ஓவியரின் படம் இவற்றில் ஏதாவது இருந்தால் அது நிற்கட்டும். சாதாரணப் பிரதிகளை, கடையில் இன்றும் கிடைப்பவற்றை, தாராளமாகக் கொடுங்கள். அதையும் எடைக்குப் போடாமல் ஊர் நூலகத்துக்கோ பழைய புத்தகக் கடைக்கோ கொடுத்தால் அட்டையாவது மிஞ்சும்.

உறைக்குச் செலவழிப்பது

சொல்லிவிட்டேன்.

மூன்று மணிக்குப் பழைய பேப்பர்காரர் வந்து மணியடித்தார். அடுத்த வருடம் வரச் சொல்லி நானே அனுப்பிவிட்டேன். மூட்டைகள் இன்னும் கூடத்திலேயே நிற்கின்றனவாம். நடக்க வழியில்லை என்று அக்கா நாள்தோறும் தொலைபேசியில் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.