ஆத்தங்குடிக் கல் தரையில் 200 கிலோ பைக்: ஜாக்கி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் கனமான பைக் வைத்திருப்பவர்களுக்குச் செயின் பராமரிப்பு ஓயாத வேலை. செம்மண் புழுதி செயினில் போட்ட எண்ணெயோடு சேர்ந்து அப்பிக்கொள்ளும். தொண்டி, ராமேஸ்வரம் என்று கடற்கரைப் பக்கம் ஒரு சுற்றுப் போய் வந்தால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு முறையும் பட்டறைக்குப் போக முடியாது, வீட்டிலேயே பார்த்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தவுடன் எல்லோரும் தேடுவது ஒரு ஜாக்கி அல்லது ஸ்டாண்ட். அதை வாங்குவதில்தான் பலர் தடம் மாறுகிறார்கள்.

ஒரு டன், இரண்டு டன் என்று ஜாக்கியின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குவது முதல் தவறு. டாமினார் 400-இன் எடை 193 கிலோ, கிளாசிக் 350 195 கிலோ. சூப்பர் மீட்டியார் 650 கூட 241 கிலோதான். அரை டன் தாங்கும் ஜாக்கியே இவற்றுக்குத் தாராளம். ஜாக்கியில் ஏற்றிய பைக் விழுவது பெரும்பாலும் பக்கவாட்டில் சாய்ந்துதான். காரில் ஒரு மூலையைத் தூக்கும்போது மற்ற மூன்று சக்கரங்கள் தரையில் நின்று காரைப் பிடித்துக்கொள்ளும். பைக்குக்கு அந்தத் துணை கிடையாது. அதனால் எத்தனை டன் என்பதைவிட, பைக் உட்காரும் மேல்பகுதி எவ்வளவு அகலம், தரையில் ஊன்றும் கால்கள் எவ்வளவு விரிந்திருக்கின்றன என்று பாருங்கள். பாட்டில் ஜாக்கியின் தலை உள்ளங்கை அளவுகூட இருக்காது. லாரிக்கு அது அருமையான கருவி. பைக்குக்கு அதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

அடுத்தது, என்ன வேலை செய்யப் போகிறோம் என்று யோசிக்காமல் வாங்குவது. கிளாசிக் 350 போல சென்டர் ஸ்டாண்டோடு வரும் வண்டி என்றால் செயின் துடைக்க, எண்ணெய் போட, பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க எதுவுமே வாங்க வேண்டாம். சென்டர் ஸ்டாண்ட் இல்லாத டாமினார், டியூக் போன்றவற்றுக்குப் பின்சக்கரத்தைத் தரையைவிட்டுத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்ட் ஒன்று போதும். முன்சக்கரத்தைக் கழற்றுவது, அதைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாயான போர்க்கின் ஆயில் சீலை மாற்றுவது என்று போகும்போதுதான் கதை மாறுகிறது. போர்க்கின் அடியைத் தாங்கும் முன்பக்க ஸ்டாண்டை வைத்துக்கொண்டு போர்க்கைக் கழற்ற முடியாது, பாரமே அதன் மேல்தான் இருக்கிறது. அந்த வேலைக்கு, ஹேண்டிலுக்குக் கீழே போர்க்குக்கு நடுவில் உள்ள தண்டின் ஓட்டையில் ஊசி நுழைத்துத் தூக்கும் வகை வேண்டும். அந்த ஊசியின் அளவு வண்டிக்கு வண்டி மாறும், அளந்து பார்த்து வாங்குங்கள். அதேபோல, பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையான ஸ்விங்ஆர்மைத் தாங்கும் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டுப் பின் ஷாக்கைக் கழற்றப் பார்த்தால் வண்டி அப்படியே கீழே உட்கார்ந்துவிடும்.

இனி வருவது கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய விஷயம். வாங்கும் முன் குனிந்து, டார்ச் அடித்து, உங்கள் வண்டியின் அடிவயிற்றைப் பாருங்கள். இன்டர்செப்டர் 650-இல் பிரேம் குழாய்கள் இரண்டு எஞ்சினுக்கு அடியில் தொட்டில்போல ஓடுகின்றன. இரண்டு கை உள்ள பைக் ஜாக்கியை அந்தக் குழாய்களில் பொருத்தி நிம்மதியாகத் தூக்கலாம். கிளாசிக் 350-இல் அப்படி இல்லை. முன்னால் இறங்கும் குழாய்கள் எஞ்சினோடு நின்றுவிடும், எஞ்சினே பிரேமின் ஒரு பகுதியாக வேலை செய்கிறது. ஐயா காலத்துப் பழைய புல்லட்டிலும் முன்குழாய் எஞ்சினில்தான் வந்து முடியும். அங்கே ஜாக்கி வைத்தால் பாரம் நேராக எஞ்சினின் அடிக்கூடான அலுமினிய கிராங்க்கேஸில் விழுகிறது. அதிலும் எஞ்சின் ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்டின் தலையில் ஜாக்கி முனை பட்டால் மரை போகும், கேஸ் விரியும். சைலன்சர் குழாய் அடியில் ஓடும் வண்டிகளில் அது நசுங்கும். அடியில் உள்ள தகட்டுக் கவசமும் கல் அடிக்காமல் இருப்பதற்குத்தான், எல்லா வண்டியிலும் அது எடை தாங்கும் என்று நம்ப வேண்டாம்.

கிளாசிக் போன்ற வண்டியில் முன்சக்கரத்தைத் தூக்க எளிய வழி, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு எஞ்சினின் முன்பகுதியில் கத்தரிக்கோல்போல விரிந்து எழும் சிறிய சிசர் ஜாக்கி வைப்பது. பெரும் பாரத்தை ஸ்டாண்ட் வாங்கிக்கொள்ளும், ஜாக்கிக்கு வருவது கொஞ்சம்தான். நடுவில் அகலமான மரக்கட்டை வைத்து, டிரெயின் போல்டை விலக்கி, தட்டையான இடமாகப் பார்த்து வையுங்கள். சென்டர் ஸ்டாண்ட் பின்னால் மடங்காதபடி அதைப் பிரேமின் முன்குழாயோடு ஒரு பெல்ட் போட்டு இழுத்துக் கட்டிவிடுங்கள். இந்தக் கட்டு இல்லாமல் வண்டி முன்னால் நழுவி இறங்கிவிடும் ஆபத்து உண்டு.

உயரத்தைப் பார்க்காமல் வாங்குவதும் நிறைய நடக்கிறது. சூப்பர் மீட்டியாரின் அடிக்கும் தரைக்கும் இடைவெளி 135 மில்லிமீட்டர். முழுக்க இறக்கிய நிலையிலேயே 14, 15 சென்டிமீட்டர் உயரம் நிற்கும் ஜாக்கி அதன் அடியில் போகவே போகாது. பழைய ஹிமாலயன் 411-இல் சிக்கல் தலைகீழ். 220 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதால் ஜாக்கி தாராளமாகப் போகும், ஆனால் தூக்கத் தூக்க ஷாக்குகள் நீண்டு, சக்கரம் தரையைவிட்டு லேசில் எழும்பாது. ஆகவே இறக்கிய உயரம், ஏற்றிய உயரம் இரண்டையும் கடையிலேயே டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

சரி, தரைக்கு வருவோம். வேறு ஊர்க்காரர்கள் எழுதும் குறிப்புகளில் நம் வீட்டுத் தரைக்கான பதில் இருக்காது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடிமேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு, நீரில் ஊறவைத்துக் காயவைத்த கல். நடமாட நடமாட மெருகு ஏறும், ஆனால் ஜாக்கியின் இரும்புச் சக்கரத்தின் அடியில் குவியும் பாரத்தில் விரியும், கீறும். எஞ்சின் ஆயிலும் செயின் கழுவிய மண்ணெண்ணெயும் சிந்தினால் உள்ளே இறங்கிக் கறை நிற்கும். பழைய வடிவத்தில் அதே நிறத்தில் ஒரு கல் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று வீட்டை எடுத்துப் பழுதுபார்த்தவர்களுக்குத் தெரியும். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்த தரையில் ஸ்டாண்டின் சக்கரம் வழுக்குவதும் உண்டு. வீட்டின் முகப்பிலோ, உள்முற்றத்தைச் சுற்றிய வளவிலோ இந்த வேலையே வேண்டாம் என்பது என் கருத்து.

பின்வாசல் பக்கம் சிமெண்டுத் தளம் போட்ட இடம்தான் சரி. அங்கேயும் தண்ணீர் ஓட வாட்டம் விட்டிருப்பார்கள், வாட்டத்துக்குக் குறுக்கே நிறுத்தாதீர்கள். கொல்லையில் வெறும் செம்மண்தான் என்றால், ஜாக்கியின் கால்கள் முழுவதும் உட்காரும் அளவுக்கு முக்கால் அங்குல பிளைவுட் போடுங்கள். மழைக்குப் பிறகு ஒரு பக்கம் மட்டும் மண்ணில் இறங்கினாலே வண்டி சாயத் தொடங்கும். பட்டறைகளில் உள்ள மேசை லிஃப்டைப் பார்த்து ஆசைப்படுபவர்கள், அதன் எடையையும் நம் வீட்டுப் படிகளையும் உயர்ந்த நிலைவாசலையும் நினைத்துப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். கார் ஷெட் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

பேடாக் ஸ்டாண்டை உள்ளூர் வெல்டிங் பட்டறையில் அடித்து வாங்குவதில் தவறே இல்லை, கடையில் விற்கும் சிலவற்றைவிட அது உறுதியாகவே இருக்கும். வண்டியை நேரில் கொண்டுபோய் ஸ்விங்ஆர்மின் அகலத்துக்கு அளவெடுக்கச் சொல்லுங்கள். சைலன்சர் இடிக்காத கோணமா என்று அங்கேயே தூக்கிப் பார்த்துவிடுங்கள். ஸ்விங்ஆர்மில் ஸ்பூல் (ஸ்டாண்டின் கொக்கி பிடிக்கும் சிறிய உருளை) மாட்ட மரை இல்லாத வண்டிக்குக் கொக்கி வகை உதவாது, ரப்பர் பதித்த தட்டை வகைதான் வேண்டும்.

தூக்கும்போது கவனிக்கச் சில விஷயங்கள். ஆக்சில் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிடுங்கள். மேலே தூக்கியபிறகு பெரிய ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் வண்டியே கூட வரும். முன் பிரேக் லிவரை ஒரு பட்டை போட்டு இழுத்துக் கட்டுங்கள். ஸ்டாண்டில் ஏற்றி முடிக்கும்வரை சைடு ஸ்டாண்டை மடக்காதீர்கள். முன்பக்கமும் தூக்க வேண்டுமானால் பின்பக்கத்தை முதலில் தூக்குங்கள்.

ஹைட்ராலிக் ஜாக்கி வாங்கினால் அப்படியே நிற்கவைக்கும் பூட்டுக்கம்பி இருக்கிறதா என்று கேளுங்கள். சீல் கசிந்தால் ஜாக்கி மெல்ல இறங்கும், சாப்பிடப் போய்விட்டு வரும்போது சக்கரம் இல்லாத வண்டி சாய்ந்து கிடக்கும். இறக்கும் திருகை ஒரே மூச்சில் திருப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். எண்ணெய் குறைந்தால் ஜாக்கி ஆயில்தான் ஊற்ற வேண்டும், கையில் இருக்கிறதே என்று பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல் ஊறிக் கெட்டுவிடும். அப்புறம், ஸ்டாண்டையும் ஜாக்கியையும் வெயிலில் போட்டுவைக்காதீர்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ரப்பர் கல்லாகிவிடும், பிறகு அது ஸ்விங்ஆர்மைப் பிடிக்காமல் வழுக்கும்.