கத்திரி வெயிலிலும் கழற்றத் தோன்றாத காப்புடை: மின் ஸ்கூட்டர் ஓட்டத் தொடங்குபவர்களுக்கு

திருவொற்றியூரிலிருந்து பாரிமுனைக்குத் தினமும் மின் ஸ்கூட்டரில் போகிற ஒருவர், மே மாதத்தில் தடித்த ரைடிங் ஜாக்கெட் வாங்கினால் இரண்டு நாள் போடுவார். மூன்றாம் நாள் அது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அதனால் இங்கே வெயிலிலிருந்தே தொடங்குகிறோம். விழுந்தால் முதலில் தரையில் படும் இடங்களுக்கு மட்டும் நல்ல பேட், மற்ற இடமெல்லாம் காற்று புகும் துணி. எடை குறையும், செலவும் குறையும், தினமும் போடவும் முடியும்.

எங்கே அடிபடும்?

மின் ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் 10 அல்லது 12 அங்குலச் சக்கரம். பைக்கின் பெரிய சக்கரம் தாண்டிவிடும் குழியில் இது இறங்கி நின்றுவிடும். வண்டி நிற்க, ஓட்டுபவர் முன்னால் போய் விழுவார். முதலில் உள்ளங்கை, அடுத்து முட்டி, முழங்கை, தோள். இன்னொரு வகை, பக்கவாட்டில் சறுக்குவது. காசிமேட்டில் மீன் வண்டிகள் சிந்திப்போகும் ஐஸ் தண்ணீர், மணலி, எண்ணூர் பக்கம் லாரிகள் கொட்டிப்போகும் மணலும் ஜல்லியும் இதற்குக் காரணம். அப்போது இடுப்பெலும்பும் கணுக்காலும் சேர்ந்து அடி வாங்கும்.

மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் மேற்படாத வண்டிக்குப் பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். அதனாலேயே பலர் ஹெல்மெட்டும் வேண்டாம் என்று இருந்துவிடுகிறார்கள். நின்ற இடத்திலேயே சாய்ந்து விழுந்தாலும், 1.6 மீட்டர் உயரத்திலிருக்கும் தலை தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். வண்டி மெதுவாகப் போவது தலைக்குப் பெரிய உதவி இல்லை.

படி 1: ஹெல்மெட்

புருவத்துக்கு 2.5 சென்டிமீட்டர் மேலே, தலையைச் சுற்றி டேப் வைத்து அளக்கவும். அந்த அளவை அந்தந்தக் கம்பெனியின் அளவு அட்டவணையோடு ஒப்பிட்டு வாங்கவும். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொன்றில் லார்ஜாக இருக்கும். ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும். 2021 ஜூன் 1 முதல் இந்த முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை விற்கவே கூடாது.

வாரை மாட்டிக்கொண்டு பின்பக்கத்தைப் பிடித்து முன்னால் தள்ளுங்கள். கழன்று வந்தால் அளவு பெரிது. தாடைக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் போகும் இடம் போதும். தாடையை மூடும் முழு ஹெல்மெட்தான் நல்லது. வெள்ளை நிறம் சூடு குறைவாக வாங்கும். உள்பஞ்சு கழற்றித் துவைக்கும்படி இருக்கட்டும், இல்லையென்றால் இரண்டே வாரத்தில் நாற்றம் வந்து ஹெல்மெட்டைத் தொட மனம் வராது. கண்ணாடி நிறமில்லாததாக இருந்தால் இரவுக்கும் அதுவே ஆகும்.

படி 2: கிளவுஸும் ஷூவும்

விழும்போது கை தானாக முன்னால் நீளும், யாராலும் தடுக்க முடியாது. ஆகவே ஹெல்மெட்டுக்கு அடுத்த செலவு கிளவுஸ். மேல்பக்கம் வலைத்துணி, உள்ளங்கையில் ஆட்டுத்தோல், உள்ளங்கை அடிப்பகுதியில் வழுக்கிப்போகும் கெட்டியான பட்டை. இந்த மூன்றும் இருப்பதை வாங்கவும். அந்தப் பட்டை இல்லாவிட்டால் கை தார்ச்சாலையைக் கவ்விக்கொண்டு நிற்கும், வேகம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். மணிக்கட்டு வாரை இறுக்கியபின் விரல்நுனியைப் பிடித்து இழுத்துப் பார்க்கவும், கழன்று வரக்கூடாது. விரல் வெட்டிய கிளவுஸ் வேண்டாம்.

ஷூ கணுக்கால் எலும்பை மூட வேண்டும். லேஸ் நுனியை உள்ளே செருகிவிடுங்கள். செருப்பு முதல் சறுக்கலிலேயே கழன்று போகும்.

படி 3: பேட் தேர்ந்தெடுப்பது

பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். மலிவான ஜாக்கெட்டில் பேட் என்று வருவது பல நேரம் வெறும் ஸ்பாஞ்ச். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்துங்கள். இரண்டு விரலும் ஏறக்குறைய தொட்டுக்கொண்டால் அது அடியைத் தாங்காது.

சரியான பேட்டில் இஎன் 1621-1 என்ற ஐரோப்பியத் தர எண் அச்சாகியிருக்கும். 50 ஜூல் ஆற்றலோடு அதன்மேல் எடையை விழவைத்து, மறுபக்கம் எவ்வளவு விசை வருகிறது என்று அளப்பார்கள். சராசரி 35 கிலோநியூட்டனுக்கு மேற்படாவிட்டால் லெவல் 1. 20க்கு மேற்படாவிட்டால் லெவல் 2. மெல்லிய பேட் என்பதற்காக லெவலே எழுதாததை எடுக்காதீர்கள்.

நம் ஊருக்கு அதைவிட முக்கியமான ஒரு குறி உண்டு. ஆங்கில டி (T) எழுத்தும் பக்கத்திலேயே கூட்டல் குறியும். அந்தப் பேட்டை 40 டிகிரி செல்சியஸிலும் சோதித்து, தேறியிருக்கிறது என்று பொருள். சாதாரணமாகத் தொட்டால் மிருதுவாகவும் அடிபட்டால் கெட்டியாகவும் ஆகும் வகைப் பேட்கள், சூடு ஏற ஏற இன்னும் இளகும். குளிர்ந்த கடைக்குள் தேறிய பேட், கத்திரி வெயிலில் எண்ணூர் விரைவுச்சாலையில் அதே அளவு தாங்கும் என்று நம்ப முடியாது. இந்தக் குறி இருக்கிறதா என்று கேட்டு, பேட்டை வெளியே உருவிப் பார்த்து வாங்குங்கள். துளைகள் உள்ளதாக இருந்தால் வியர்வை தேங்காது. வெயிலில் நிறுத்திய வண்டியின் இருக்கைக்கடியில் பேட்டைப் போட்டுவைக்காதீர்கள்.

படி 4: இருக்கும் ஜீன்ஸில் முட்டிப் பேட் வைப்பது

இதற்குத் தனி பேன்ட் வாங்க வேண்டியதில்லை. மெல்லிய ஸ்ட்ரெட்ச் வகை அல்லாத, கெட்டித் துணி ஜீன்ஸ் ஒன்று, முட்டிப் பேட் ஒரு ஜோடி, அரை மீட்டர் மெல்லிய காட்டன் துணி, 25 சென்டிமீட்டர் வெல்க்ரோ, கெட்டியான பாலியஸ்டர் நூல். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டைச் சுற்றி ஒரு நடை போனால் பேட் தவிர மற்றதெல்லாம் கிடைத்துவிடும்.

ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு வண்டியில் உட்காருங்கள், கால் வழக்கமாக வைக்கும் இடத்தில் இருக்கட்டும். முட்டிச்சில்லின் நடுவில் சாக்பீஸால் குறி இடுங்கள். நின்றுகொண்டு குறி இடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. உட்கார்ந்ததும் துணி மேலே ஏற, பேட் தொடைக்குப் போய்விடும். உட்கார்ந்த நிலையில் சரியாக இருந்தால், நிற்கும்போது பேட் கொஞ்சம் கீழே தொங்கும். அதுதான் சரி.

பை வெட்டும் அளவு: அகலம், பேட்டைவிட 4 சென்டிமீட்டர் அதிகம். இருபுறமும் தையலுக்கு ஒவ்வொன்று, பேட்டின் தடிமனுக்கு ஒவ்வொன்று. நீளம், பேட்டைவிட 6 சென்டிமீட்டர் அதிகம், மேல்வாயை மடித்து வெல்க்ரோ வைக்க இடம் வேண்டும். வெல்க்ரோவின் சொரசொர பக்கம் காலைத் தொடாதபடி வையுங்கள், தொட்டால் ஒரே நாளில் தோல் உரியும். பேட்டின் குழிந்த பகுதி குறியின்மேல் வரும்படி பையை உள்பக்கம் தைக்கவும்.

உள்ளே தைக்க டெய்லர் பெரும்பாலும் வெளிப்பக்கத் தையலைத்தான் பிரிப்பார். பக்கவாட்டில் சறுக்கினால் தரையில் தேய்வதும் அதே தையல்தான். மூடும்போது மூன்று வரிசை தைக்கச் சொல்லுங்கள், பாலியஸ்டர் நூலில். காட்டன் நூல் வியர்வை பட்டுப்பட்டு இற்றுப்போய், தேவைப்படும் நாளில் விட்டுவிடும்.

தைத்து முடித்ததும் வண்டியில் உட்கார்ந்து, உள்ளங்கையால் பேட்டைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். முட்டிச்சில்லை விட்டு 2 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் பையை ஒடுக்கவும், அல்லது ஜீன்ஸின் முட்டிப் பகுதியைப் பிடித்துத் தைக்கவும். நகரும் பேட், லெவல் 2 ஆனாலும் பயனில்லை.

சுடிதார், புடவை அணிபவர்களுக்கு வாரோடு வரும் முட்டிக்காப்பு சரிவரும். அதற்குள் மெல்லிய காட்டன் லெகிங்ஸ் போட்டால் வார் உரசிப் புண்ணாகாது. நைலான், பாலியஸ்டர் லெகிங்ஸ் மட்டும் வேண்டாம், சாலையில் தேயும் சூட்டில் உருகித் தோலில் ஒட்டும். துப்பட்டாவை ஜாக்கெட்டுக்குள் செருகிவிடுங்கள். சக்கரத்தில் சிக்கினால் எந்தப் பேட்டும் காப்பாற்றாது.

படி 5: மேலுடை

முன், பின், கையின் உள்பக்கம் வலைத்துணி. தோளிலும் முழங்கையிலும் 600 டெனியர் (நூலின் கனத்தைச் சொல்லும் அளவு) போன்ற கெட்டித் துணி. இந்த அமைப்பில் மெஷ் ஜாக்கெட் வாங்கவும். ரைடிங் உடைக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 17092-இல் ஏ வகுப்பு, வெயிலில் நகருக்குள் ஓட்டுபவர்களுக்குப் பொருந்தும். ஏஏ, ஏஏஏ உராய்வை அதிகம் தாங்கும், ஆனால் பொதுவாகக் கனமும் சூடும் கூடும். பி வகுப்பில் பேட்டே இருக்காது, ஏமாந்துவிடாதீர்கள். கையை ஹேண்டிலுக்கு நீட்டியபடி போட்டுப் பார்க்கவும். முழங்கைப் பேட் முழங்கையிலேயே இருக்க வேண்டும்.

காற்றின் சூடு 35 டிகிரியைத் தாண்டிவிட்டால், திறந்த கையில் படும் காற்றே தோலுக்குச் சூட்டைக் கொடுக்கும். முழுக்கை போடுவது நல்லது. காலையில் வறண்ட மேல்காற்று அடிக்கும்வரை, உள்ளே போடும் காட்டன் பனியனை நனைத்துப் பிழிந்து போட்டால் அரை மணி நேரம் சில்லென்று இருக்கும். கடல்காற்று இறங்கிய பிறகு ஈரம் சரியாகக் காயாது, கசகசப்புதான் மிஞ்சும். கண்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் நிற்கும்போது மெஷ்ஷாலும் பயனில்லை. அப்போது கைமுனை ஜிப்பைத் திறந்துகொள்ளுங்கள். முன் ஜிப்பைத் திறந்து ஓட்டினால் ஜாக்கெட் படபடத்து எல்லாப் பேட்டும் இடம் மாறும்.

நிறம் வெளிர் சாம்பலோ மஞ்சளோ. மின் வண்டி வருவது காதில் விழாது, டிரெய்லர் ஓட்டுநருக்குக் கண்ணில் பட்டால்தான் உண்டு. ஒளிரும் பட்டையை முதுகில் மட்டும் ஒட்டினால் பையை மாட்டியதும் மறைந்துவிடும். முழங்கைக்குக் கீழும் கணுக்காலிலும் ஒட்டுங்கள்.

படி 6: ஒத்திகையும் பராமரிப்பும்

எல்லாவற்றையும் அணிந்து, நிறுத்திய வண்டியில் பத்து நிமிடம் உட்காருங்கள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள், பிரேக்கைப் பிடியுங்கள், தலையைத் திருப்பிப் பின்னால் பாருங்கள். எங்காவது இழுத்தால் இப்போதே சரிசெய்யவும். முதல் பயணம் மாலையில், இருபது நிமிடம். நண்பகலில் நீண்ட தூரம் போவதானால் கூடவே மோர் எடுத்துச் செல்லுங்கள்.

வாரம் ஒருமுறை பேட்களை உருவிவிட்டு, ஜாக்கெட்டை மிதமான சோப்பில் கையால் அலசி நிழலில் காயவைக்கவும். பேட்டை ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஹெல்மெட் ஒருமுறை பலமாக அடிபட்டால், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் மாற்றவும், உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கியிருக்கும். கடலோரத்தில் உலோக ஜிப் உப்பு பிடித்து இறுகும். மாதம் ஒருமுறை மெழுகுவர்த்தியைப் பல்வரிசையில் தேய்த்து நான்கைந்து முறை ஏற்றி இறக்கினால் தளர்ந்துவிடும்.