அஸ்திவாரம் தோண்டும் முன்: மனை விவரம் வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்திரம் கையில் இருக்கிறது, வில்லங்கமும் இல்லை, இனி வேலையைத் தொடங்க வேண்டியதுதான் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் நிலம் யாருடையது என்பதைத்தான் பத்திரம் சொல்லும். அங்கே வீடு கட்டலாமா, எவ்வளவு உயரம் போகலாம், சாலையிலிருந்து எத்தனை அடி விட வேண்டும், வெள்ளம் எதுவரை ஏறும் என்பதெல்லாம் வேறு வேறு அலுவலகங்களின் பதிவேடுகளில் கிடக்கும். ஒவ்வொன்றையும் அதை வைத்திருக்கும் இடத்தில்தான் கேட்டு வாங்க வேண்டும், அதுவும் பிளான் போடுவதற்கு முன்பே.

பிளானை முதலில் வரைந்துவிட்டு விவரத்தை அப்புறம் தேடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பத்திரத்தில் மனையின் அகலம் 40 அடி என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் 5 அடி விட்டால் மீதி 30. பன்னிரண்டடி அறை இரண்டு, முக்கால் அடி சுவர் நான்கு, மாடிப்படிக்கு 3 அடி என்று பிளான் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். பிறகு சர்வேயர் வந்து அளக்கும்போது அகலம் 38½ அடிதான் என்றால், மாடிப்படிக்கு மிஞ்சுவது ஒன்றரை அடி. மொத்தப் பிளானையும் திரும்பப் போட வேண்டும். அஸ்திவாரம் எழும்பிய பிறகு இது தெரியவந்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

அலுவலக வரைபடத்தை மட்டும் பார்த்து எல்லையை முடிவு செய்வதும் தவறு. 1:5000 அளவில் வரைந்த படத்தில் ஒரு மில்லிமீட்டர் கோடு தரையில் 5 மீட்டர். செல்போன் காட்டும் இடமும் சில மீட்டர் தள்ளிப் போகும். வேலி ஓடும் இடமெல்லாம் எல்லை ஆகிவிடாது. உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து, பக்கத்து மனைக்காரர்களும் இருக்கும்போது அளந்து கல் நட்டுவிடுங்கள்.

மண் விஷயத்தில் “பக்கத்து வீட்டில் நல்ல கெட்டி மண்தான் வந்தது” என்ற பேச்சை நம்பவே கூடாது. ஒரே மனையில் ஒரு மூலை தூர்ந்துபோன பழைய குட்டையாக இருக்கலாம். அந்த மூலை மட்டும் தாழ்ந்தால் சுவர் குறுக்காக விரிசல் விடும். பைசா கோபுரம் சாய்ந்ததும் இந்த வகையில்தான். 1173இல் தொடங்கிய வேலை, அடியில் இருந்த மெத்து மண் ஒரு பக்கம் கூடுதலாக அமுங்கியதால், சில தளங்கள் எழும்பும்போதே சாயத் தொடங்கிவிட்டது. பழைய நில வரைபடத்தில் குட்டை, வாய்க்கால் ஏதும் தெரிகிறதா என்று தேடுங்கள். தூண் வரும் இடங்களிலேயே துளையிட்டு மண்ணைச் சோதியுங்கள். கோடையில் பார்த்த நிலத்தடி நீர்மட்டம் மழைக்காலத்தில் மேலே வரும் என்பதால், சோதனை எந்த மாதம் நடந்தது என்பதும் அறிக்கையில் இருக்கட்டும்.

வெள்ளக் கணக்கையும் பலர் தப்பாகப் படிக்கிறார்கள். நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு வருஷத்துக்கு ஒரு முறைதான் வரும் என்று பொருள் இல்லை. எந்த வருஷத்திலும் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதுதான் கணக்கு. அந்த வீட்டில் 30 வருஷம் குடியிருந்தால், ஒரு முறையாவது அதைப் பார்க்கும் வாய்ப்பு ஏறக்குறைய 26 சதவீதம். தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்துவது என்று முடிவெடுக்க இது மட்டும் போதாது, அந்த வெள்ளம் உங்கள் மனையில் எதுவரை ஏறும் என்பதும் தெரிய வேண்டும்.

அலுவலகத்தில் “கட்டலாம், ஒன்றும் பிரச்சினை இல்லை” என்று யாராவது வாயால் சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள். அந்த ஆள் மாற்றலாகிப் போகலாம், விதியும் மாறலாம். தேதியும் முத்திரையும் உள்ள தாளாகக் கேளுங்கள். பழைய நகல் வைத்திருந்தாலும் சரி, வேலை தொடங்கும் சமயத்தில் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

மின்கம்பி, தண்ணீர்க் குழாய், கேபிள் எங்கே போகிறது என்று கேட்பவர்கள்கூட, தெருச் சாக்கடைக் குழாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கேட்பதில்லை. அது உங்கள் கழிவறைக் குழாயைவிட மேலே இருந்தால் கழிவுநீர் தானாக ஓடாது, காலத்துக்கும் மோட்டார் வைத்துத்தான் வெளியேற்ற வேண்டும்.