சிஸ்டர் ஸ்கூல்ல பிள்ளைய சேக்கப் போறீங்களா? காரைக்குடி பக்கம் உள்ளவங்க கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியது

ஏப்ரல் மாசம் வந்தாப் போதும், எங்க புதுவயல்ல அரிசி மில்லுல வேலை பாக்குறவங்க வீட்ல இருந்து காரைக்குடில கடை வச்சிருக்கவங்க வீடு வரைக்கும் ஒரே பேச்சுதான், பிள்ளைய எங்க போடுறதுன்னு. பாதிப் பேரு சிஸ்டர் ஸ்கூல், ஃபாதர் ஸ்கூல்னுதான் சொல்லுவாங்க, அதாவது கன்னியாஸ்திரிகளும் பாதிரியார்களும் நடத்துற ஸ்கூல். நானும் அப்படித்தான் என் மகனப் போட்டேன். ரெண்டு ஸ்கூல் பாத்தாச்சு, ரெண்டுமே கிறிஸ்டியன் ஸ்கூல்தான், ஒன்னுல அழுதுட்டு வந்தோம், இன்னொன்னுல அவன் தலைநிமிந்து வெளிய வந்தான். அதனால ஸ்கூல் பேரையும் கட்டடத்தையும் மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, படிப்புல பின்தங்குற பிள்ளைக்கு அங்க என்ன செய்றாங்கன்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

முதல்ல அது எய்டட் ஸ்கூலா, மெட்ரிக் ஸ்கூலா, சி.பி.எஸ்.இ.யான்னு தெரிஞ்சுக்கங்க. வெளிய இருந்து பாத்தா எல்லாம் ஒரே மாதிரிதான், வாசல்ல மாதா கெபி இருக்கும், அசெம்ப்ளில ஜெபம் நடக்கும். ஆனா எய்டட்னா டீச்சர் சம்பளம் அரசாங்கம் குடுக்குது, அதனால தமிழ் மீடியத்துல ஃபீஸ் ரொம்பக் குறைவு. தேவகோட்டைல இயேசு சபை நடத்துற தே பிரித்தோ ஸ்கூல் 1943ல ஆரம்பிச்சது, அந்த மாதிரி பழைய ஸ்கூல்கள்ல படிச்ச தாத்தாவும் பேரனும் ஒரே வீட்ல இருப்பாங்க நம்ம பக்கம். எய்டட் ஸ்கூலுக்குள்ளயே இங்கிலீஷ் மீடியம் செக்‌ஷன் தனியா ஃபீஸ் வாங்கி நடக்கலாம், அதனால "எய்டட்தானே"ன்னு நினைச்சுப் போயி கடைசில ஃபீஸ் சீட்டப் பாத்து முழிக்காதீங்க, எந்த செக்‌ஷன்னு தெளிவா கேளுங்க.

இதை ஏன் இவ்வளவு சொல்றேன்னா, பின்னாடி வர்ற சலுகை எல்லாம் இதுலதான் தொங்குது. மெடிக்கல் சீட்டுல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளில படிச்ச பிள்ளைகளுக்கு மட்டும்தான், எய்டட் ஸ்கூலுக்குக்கூட கிடையாது. டாக்டர் ஆகணும்னு ஆசை இருக்க பிள்ளைய அஞ்சாவது முடிச்சதும் அரசுப் பள்ளில இருந்து மாத்துறதா இருந்தா, இதைத் தெரிஞ்சுக்கிட்டு மாத்துங்க. காலேஜ் போற பொண்ணுகளுக்கு மாசம் 1000 ரூபா வர்ற புதுமைப் பெண் திட்டம் முதல்ல அரசுப் பள்ளிக்கு மட்டும் இருந்துச்சு, இப்ப எய்டட் ஸ்கூல்ல தமிழ் மீடியம் படிச்ச பொண்ணுகளுக்கும் உண்டு. எட்டாவதுல உதவித்தொகைக்காக எழுதுற என்.எம்.எம்.எஸ். பரீட்சைய எய்டட் ஸ்கூல் பிள்ளைங்க எழுதலாம், பாஸாகி லிஸ்ட்ல வந்தா ஒன்பதாவதுல இருந்து வருசம் 12,000 ரூபா கிடைக்கும், குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்துக்குள்ள இருக்கணும். ஃபீஸ் கட்டிப் படிக்கிற மெட்ரிக் பிள்ளைங்க அதை எழுத முடியாது. தமிழ் மீடியத்துலயே படிச்சு வந்தா தமிழ்நாட்டு அரசு வேலைல 20 சதவீத முன்னுரிமை வேற இருக்கு. பக்கத்து வீட்டுக்காரங்க இங்கிலீஷ் மீடியம் போட்டாங்கன்னு நம்மளும் போடுறதுக்கு முன்னாடி வீட்ல எல்லாரும் உக்காந்து ஒரு தடவ இதைப் பேசிருங்க.

இன்னொரு விசயம், ஆர்.டி.இ.ங்கிற கல்வி உரிமைச் சட்டத்துல தனியார் ஸ்கூல்ல ஒதுக்குற 25 சதவீத சீட்டுல ஃப்ரீயா சேக்கலாம்னு நினைச்சு நிறைய பேரு சிஸ்டர் ஸ்கூல் வாசல்ல போயி நிக்கிறாங்க. சிறுபான்மை பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாதுன்னு 2014ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. அந்தத் தீர்ப்ப மறுபடி பாக்கணும்னு 2025ல வேற ஒரு பெஞ்ச் தலைமை நீதிபதிக்கு அனுப்பியிருக்காங்க, ஆனா அதை நம்பி இந்த வருசம் காத்திருக்காதீங்க. அதுக்குப் பதிலா நேரா போயி "சிஸ்டர், எங்களால இவ்வளவுதான் கட்ட முடியும், ஏதாவது கன்செஷன் உண்டா"ன்னு கேளுங்க. வெக்கப்பட வேணாம். அப்பா இல்லாத பிள்ளை, ரெண்டாவது பிள்ளைன்னு குறைச்சு வாங்குற ஸ்கூல்கள் இருக்கு, அதை யாரும் போர்டுல எழுதிப் போட மாட்டாங்க, கேட்டவங்களுக்குத்தான் தெரியும். மெட்ரிக்னா அரசாங்கத்தோட கட்டணக் கமிட்டி அந்த ஸ்கூலுக்கு நிர்ணயிச்ச ஃபீஸ் எவ்வளவுன்னு கேளுங்க, கட்டுற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்க.

எங்க அத்தை என்னைக் கேட்ட முதக் கேள்வி, "பொட்டு வைக்க விடுவாகளா, சாமி கும்புட விடுவாகளா"ன்னுதான். அந்தக் கவலை நியாயமானதுதான். அரசியல் சட்டம் 28வது பிரிவுலயே இருக்கு, அரசு அங்கீகாரம் உள்ள ஸ்கூல்ல நம்ம சம்மதம் இல்லாம பிள்ளைய மதபோதனைல உக்கார வைக்கக் கூடாது. நடைமுறைல கத்தோலிக்கப் பிள்ளைங்க மறைக்கல்வி கிளாஸுக்குப் போறப்ப மத்த பிள்ளைங்களுக்கு நன்னெறி கிளாஸ் நடக்கும், உங்க ஸ்கூல்ல எப்படின்னு கேட்டுக்கங்க. எங்க வீட்ல தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போறது வழக்கம். தைப்பூசம் அன்னைக்கு அரசு லீவு, ஆனா குன்றக்குடி வழியா நடக்குற நாளுக்கு லீவு கிடையாதே. நான் பதினஞ்சு நாள் முன்னாடியே லீவு லெட்டர் எழுதிக் குடுத்தேன், சிஸ்டர் வாங்கிப் படிச்சுட்டு "போயிட்டு வாங்க, விட்ட பாடத்த சனிக்கிழமை வந்து எழுதிரணும்"னாங்க, திரும்பி வந்ததும் அவனும் எழுதிட்டான். முன்னாடியே சொன்னா பாதிப் பிரச்சனை வராது.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வர்றேன். எட்டாவது வரைக்கும் நம்ம தமிழ்நாட்டுல ஃபெயில் போட மாட்டாங்க. நல்லதுதான், ஆனா சரளமா வாசிக்கத் தெரியாத பிள்ளைகூட ஒன்பதாவதுல வந்து நிக்கும். அங்கதான் சில ஸ்கூல்ல நூறு சதவீத ரிசல்ட்டுக்காக "டி.சி. வாங்கிக்கங்க"ம்பாங்க. எனக்கு அது நடந்துச்சு. பிப்ரவரில கூப்பிட்டு விட்டாங்க, "இவன் பத்தாவது தாண்ட மாட்டான்மா, வேற இடம் பாத்துக்கங்க"ன்னு நின்ன வாக்குல சொல்லிட்டாங்க, பிள்ளை பக்கத்துலயே நிக்கிறான். பஸ்ல வர்றப்ப அவன் ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு வந்தான், ஒரு வார்த்தை பேசல. அதனால சேக்கப் போறப்ப "ரிசல்ட் எவ்வளவு"ன்னு கேக்காதீங்க. "போன வருசத்துக்கு முந்தின வருசம் ஒன்பதாவதுல எத்தனை பேரு இருந்தாங்க, அதுல எத்தனை பேரு போன வருசம் பத்தாவது பரீட்சை எழுதினாங்க"ன்னு கேளுங்க. அறுபது பேரு இருந்து அம்பது பேரு எழுதியிருந்தா மத்த பத்து பிள்ளைங்க எங்கன்னு கேளுங்க. இந்த ஒரு கேள்விக்கு அவங்க பதில் சொல்ற விதத்துலயே அந்த ஸ்கூல் எப்படின்னு தெரிஞ்சுரும்.

ரெண்டாவது ஸ்கூல்ல ஹெச்.எம். சிஸ்டர் அவன் மார்க் ஷீட்ட ஓரமா வச்சுட்டு, ஏழாவது தமிழ் புத்தகத்த எடுத்து வாசிக்கச் சொன்னாங்க. ரெண்டு வரி வாசிச்சான், மூணாவது வரிய விட்டுட்டு நாலாவதுக்குத் தாவிட்டான். சிஸ்டர் ஒன்னும் சொல்லல, மேசைல கிடந்த அடிஸ்கேல எடுத்து வரிக்குக் கீழ வச்சு "இத நகத்திக்கிட்டே வாசிப்பா"ன்னாங்க. வாசிச்சுட்டான். மெதுவாத்தான், ஆனா ஒரு வரி விடல. அப்புறம் ஒளிச்சேர்க்கை பத்தி வாயால கேட்டாங்க, கடகடன்னு சொன்னான். "இவனுக்குத் தெரியாம இல்லம்மா, எழுத்துல வர மாட்டேங்குது"ன்னாங்க. ஒன்பது வருசமா எந்த டீச்சரும் சொல்லாததை பத்து நிமிசத்துல சொன்னாங்க.

உங்க பிள்ளைக்கும் இப்படி இருந்தா, வாயால சொல்றதை எழுத முடியலன்னா, எழுத்த மாத்தி மாத்திப் போட்டா, சோம்பேறின்னு அடிக்காதீங்க, டிஸ்லெக்சியா மாதிரி கற்றல் குறைபாடா இருக்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துலயே அது இருக்கு. டாக்டர் சர்டிபிகேட் வாங்கி ஸ்கூல் மூலமா விண்ணப்பிச்சா பத்தாவது பொதுத்தேர்வுல கூடுதலா 1 மணி நேரம், சொல்லச் சொல்ல எழுதுறதுக்கு ஆள், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு எல்லாம் கேக்கலாம். ஆனா இத பத்தாவது வந்தப்புறம் ஆரம்பிக்காதீங்க. ஆஸ்பத்திரிக்கு ரெண்டு மூணு தடவ நடக்கணும், கையெழுத்து, சீல், போட்டோன்னு ஒன்னு விட்டா ஒன்னு வரும், நாங்க பத்தாவதுல நவம்பர் மாசம் ஓடி ஓடிக் கடைசி நேரத்துலதான் குடுத்தோம். எட்டாவது, ஒன்பதாவதுலயே சர்டிபிகேட் வாங்கி ஃபைல்ல போட்டுருங்க. மொழி விலக்கு வேணாம்னு அவனே சொல்லிட்டான், அந்த ஒரு மணி நேரத்தையும் எழுதுற ஆளையும் வச்சு 500க்கு 287 எடுத்தான்.

சேத்தப்புறம் கேட்டு வாங்க வேண்டியதும் நிறைய இருக்கு. சாயங்கால ஸ்டடில யாரு கூட உக்காருறாங்க, பாடம் எடுக்குற டீச்சரா, இல்ல சும்மா சத்தம் போடாம பாத்துக்குற ஆளான்னு கேளுங்க. ஸ்லோ லேர்னர்ஸ் கிளாஸ்னு சொல்லி அதே நோட்ட மறுபடி எழுத விட்டா அது ரெமிடியல் ஆகாது, பிள்ளை எங்க தடுக்கி நிக்கிதோ அந்த இடத்துல இருந்து ஆரம்பிக்கணும், அது நாலாவது பாடமா இருந்தாலும் சரி. கவுன்சிலிங்குக்குன்னு ஒரு சிஸ்டரோ மேடமோ இருந்தா, பிள்ளைய அவங்ககிட்ட ஒரு தடவயாவது அறிமுகம் பண்ணி வைக்கச் சொல்லுங்க, பிரச்சனை வந்தப்புறம் புது ஆளுகிட்ட எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. ஸ்கூல்ல பேசித் தீராததுக்கு கல்வித்துறை ஹெல்ப்லைன் 14417 இருக்கு, பிள்ளைய அடிச்சா, தப்பா நடந்தா குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் பண்ணுங்க, யோசிக்கவே வேணாம்.

பதினொன்னாவது குரூப் விசயத்துல ஒன்னே ஒன்னு, மார்க்கப் பாத்து அவங்களா ஒரு குரூப்ல தள்ளி விடுவாங்க, அதுக்கு முன்னாடி பிள்ளைகிட்ட கேளுங்க. பயாலஜி இல்லாம நீட் எழுத முடியாது, மேத்ஸ் இல்லாம இன்ஜினியரிங் கஷ்டம். சயின்ஸ் பாடத்துல 100ல 20 மார்க் பிராக்டிகலுக்கு, அதனால லேப உள்ள போயிப் பாருங்க, பீக்கர் மேல தூசி இருந்தா புரிஞ்சுக்கங்க. என் மகன் காமர்ஸ் எடுத்துட்டான், கணக்கு நோட்ல கட்டம் போட்டிருக்கதால வரி மாற மாட்டேங்குதாம்.

அட்மிஷனுக்குப் போறப்ப பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், டி.சி., எமிஸ் நம்பர் (கல்வித்துறை பிள்ளைக்குக் குடுக்குற அடையாள நம்பர்) எல்லாம் ரெண்டு ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கங்க. காலைல அசெம்ப்ளி நேரத்துல போகாதீங்க, பத்தரை மணிக்கு மேல போனா ஹெச்.எம். நின்னு பேச நேரம் இருக்கும். பிள்ளையவும் கூட்டிட்டுப் போங்க, அவங்க உங்ககிட்ட மட்டும் பேசுறாங்களா, பிள்ளைகிட்டயும் ஒரு கேள்வி கேக்குறாங்களான்னு பாருங்க.